எக்ஸ்11 போய் வேலாண்ட் வருகிறது: தக்கலை டிடிபி கடைக்கு என்ன செய்வது?

தக்கலையில் டிடிபி கடை நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணே, கடையில் மூன்று மெஷின். இரண்டில் உபுண்டு 24.04, ஒரு பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட். புது உபுண்டுவில் எக்ஸ்11 கிடையாது, வேலாண்ட் மட்டும்தான் என்கிறார்கள். எனக்கு எக்ஸ் நன்றாகத்தான் ஓடுகிறது. தமிழ்99-ல் டைப் செய்கிறேன், விண்டோஸ் செயலிகளை ஓட்டும் ஒயின் போட்டு பேஜ்மேக்கரும் ஓட்டுகிறேன். இப்போதே மாற வேண்டுமா? மாறினால் தமிழ் டைப்பிங் போய்விடுமா? நன்றாக ஓடுவதை எதற்கு மாற்றுகிறார்கள்?"

அவசரமாக எதையும் மாற்ற வேண்டாம், தமிழ் டைப்பிங் போகாது. இதைப் படித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகலாம். நேரம் இருந்தால் மீதியையும் படியுங்கள். உங்கள் மூன்று மெஷினுக்கும் ஒரே பதில் கிடையாது.

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். எக்ஸ், வேலாண்ட் இரண்டும் செயலிகளின் விண்டோக்களைத் திரைக்குக் கொண்டுவரும் ஏற்பாடுகள். எக்ஸ் 1984-ல் எம்ஐடியில், அதீனா என்ற திட்டத்தில் தொடங்கியது. பாப் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் அதை எழுதத் தொடங்கியவர்கள். ஸ்டான்ஃபோர்டில் இருந்து வந்த 'டபிள்யூ' என்ற அமைப்பைத் திருத்தி எழுதியதால், ஆங்கில அகரவரிசையில் அடுத்த எழுத்தான எக்ஸ் பெயராகிவிட்டது. அதன் 11-வது பதிப்பு 1987 செப்டம்பரில் வந்தது. உங்கள் கடையில் இன்று ஓடுவது அதன் நேர் வாரிசு. அன்றைக்கு இருந்த தேவை வேறு. கணக்குப் போடும் பெரிய கணினி ஓரிடத்தில் இருக்கும், திரையும் கீபோர்டும் வேறோர் அறையில் இருக்கும். "இங்கே ஒரு கோடு போடு, இந்த எழுத்துருவில் இந்த எழுத்தை வரை" என்று நெட்வொர்க் வழியாகச் செயலி சொல்லும், எக்ஸ் சர்வர் வரைந்து காட்டும். அந்தக் காலத்துக்கு அது பிரமாதமான ஏற்பாடு.

உங்கள் ஊர் பத்மநாபபுரம் அரண்மனை ஒரே நாளில் கட்டியது இல்லை. ஒவ்வொரு மன்னர் காலத்திலும் ஒரு மண்டபம், ஒரு மாளிகை என்று சேர்ந்து வந்தது. எக்ஸும் அப்படித்தான் வளர்ந்தது. பழைய அறை எதையும் இடிக்க முடியாது, அதை நம்பி ஏதோ ஒரு செயலி எங்கோ ஓடிக்கொண்டிருக்கும். அதனால் புதுத் தேவை வந்தபோதெல்லாம் வெளிப்பக்கம் ஒரு தாழ்வாரம் இறக்கினார்கள்.

இதற்கிடையே எக்ஸ் செய்துவந்த வேலைகள் ஒவ்வொன்றாக அதைவிட்டு வெளியே போய்விட்டன. நமக்கு நெருக்கமான உதாரணம் தமிழ் எழுத்தே. 'கொ' என்று டைப் செய்தால், ககரத்துக்கு முன்னால் ஒற்றைக் கொம்பும் பின்னால் காலும் வந்து உட்கார வேண்டும். எக்ஸின் பழைய எழுத்துரு முறைக்கு அந்த வித்தை தெரியாது. ஒரு குறியீட்டுக்கு ஒரு வடிவம் என்றுதான் அது போட்டுக் காட்டும். யூனிகோட் தமிழ் லினக்ஸில் ஒழுங்காகத் தெரிய ஆரம்பித்ததே, அந்த வேலையை எக்ஸிடம் இருந்து பிடுங்கி பாங்கோ, ஹார்ஃப்பஸ் போன்ற நூலகங்களிடம் கொடுத்த பிறகுதான். இப்போது செயலியே எழுத்தை வரைந்து முழுப் படமாக நீட்டுகிறது. திரையின் அளவை முடிவு செய்வது லினக்ஸின் மையமான கெர்னலுக்குப் போயிற்று. மவுஸ், டச்பேடு வேலையை லிப்இன்புட் எடுத்துக்கொண்டது. முப்பரிமாணப் படங்களை வரைய மெசா இருக்கிறது. விண்டோக்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நிழல் சேர்த்து, கடைசிப் படத்தைத் தயாரிப்பது கம்போசிட்டர்.

அப்படியென்றால் எக்ஸுக்கு மிச்சம் என்ன வேலை? நடுவில் நின்று கைமாற்றி விடுவது. நீங்கள் ஒரு கிளிக் செய்கிறீர்கள். கெர்னல் அதை எக்ஸிடம் சொல்கிறது, எக்ஸ் செயலியிடம் சொல்கிறது. செயலி வரைந்து எக்ஸிடம் தருகிறது. எக்ஸ் கம்போசிட்டரைக் கூப்பிடுகிறது, அது அடுக்கி மறுபடி எக்ஸிடமே தருகிறது, அப்புறம்தான் திரைக்கு வருகிறது. கம்போசிட்டர் ஒரு விண்டோவை எப்படிச் சுருக்கி எங்கே வைத்தது என்பது எக்ஸுக்குத் தெரியாது. ஆனால் கிளிக் எந்த விண்டோவுக்குப் போக வேண்டும் என்று சொல்ல வேண்டியதும் எக்ஸ்தான். அழைப்பிதழை வேகமாக உருட்டும்போது பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு கிழிந்த மாதிரி வருகிறதே, அதில் பெரும்பங்கு இந்தத் தடுமாற்றத்துடையது.

வேலாண்ட் நடுவில் இருப்பவரை எடுத்துவிடுகிறது. கம்போசிட்டரே டிஸ்ப்ளே சர்வர். செயலி தன் படத்தைத் தயார் செய்து கொடுக்கும், கம்போசிட்டர் அடுக்கித் திரைக்கு அனுப்பும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேலாண்ட் என்பது எக்ஸ் மாதிரி ஒரு மென்பொருள் இல்லை. இரண்டு பேர் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்ற நெறிமுறை அது. க்னோமில் மட்டர், கேடிஇயில் கேவின், ராஸ்பெரி பையில் லாப்டபிள்யூசி என்று ஒவ்வொரு டெஸ்க்டாப்பும் அதைப் பின்பற்றும் ஒரு கம்போசிட்டரைத் தனியாக வைத்துக்கொள்கிறது. வேலாண்டின் நன்மையும் தொல்லையும் இரண்டுமே இங்கேதான் கிடக்கின்றன.

பாதுகாப்பு இதைவிடப் பெரிய காரணம் என்பது என் எண்ணம். பயிற்சி வகுப்புகளில் நான் இதை வாயால் விளக்குவதில்லை, செய்து காட்டுவேன். எக்ஸ்11-ல் ஒரு டெர்மினலைத் திறந்து, எக்ஸ்இன்புட் கட்டளையின் டெஸ்ட் வசதியைக் கீபோர்டின் எண்ணோடு ஓட விடுங்கள். பிறகு பக்கத்து விண்டோவில் உலாவியைத் திறந்து, கடவுச்சொல் பெட்டியில் ஆங்கில 'ஏ' விசையைத் தட்டுங்கள். உலாவியில் ஒரு கரும்புள்ளிதான் தெரியும். டெர்மினலிலோ விசை எண் 38 அழுத்தப்பட்டது, விடப்பட்டது என்று வரி வரியாக ஓடும். ரூட் (நிர்வாகி) அனுமதி தேவையில்லை, எதையும் உடைத்து நுழையவில்லை. எக்ஸின் இயல்பே அதுதான். உங்கள் கடையில் ஆதார் திருத்தம், பட்டா விண்ணப்பம், வங்கிப் படிவம் என்று ஊர்க்காரர்கள் தங்கள் கணக்கைத் திறந்து உட்காருவார்கள். அந்த மெஷினில் தெரியாத செயலி ஒன்று ஓடினால் அத்தனை விசையும் அதன் கண்ணில் படும். வேலாண்டில் எந்த விண்டோ முன்னால் இருக்கிறதோ அதற்கு மட்டும்தான் விசை போகும்.

எக்ஸ்11-ல் வலது கிளிக் மெனு ஒன்றைத் திறந்தபடி விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் திரை தானாகப் பூட்டிக்கொள்ளாது என்பதும் இதே வகைக் கோளாறுதான். மெனு கீபோர்டைப் பிடித்து வைத்திருப்பதால் பூட்டும் நிரல் உள்ளே வர முடியாது. பழைய நூலகங்களில் புதைந்த பிழைகளும் உண்டு. எக்ஸ் நூலகத்தில் 1988-ல் நுழைந்த பிழைகள் 2023-ல் கண்டுபிடித்துத் திருத்தப்பட்டன. எக்ஸைப் பராமரிக்கும் சிலர் இன்னும் இதையெல்லாம் பொறுமையாகத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். வேலாண்டில் வேலை செய்பவர்களில் பலரும் எக்ஸில் பல வருடம் உழைத்தவர்கள்தான். வேலாண்டைத் தொடங்கிய கிறிஸ்டியன் ஹாக்ஸ்பர்க்கும் எக்ஸ் பணியில் இருந்தவரே. 2008-ல், ரெட் ஹாட்டில் இருந்தபோது தொடங்கினார். மாசசூசெட்ஸில் வேலாண்ட் என்ற ஊர் வழியாகக் காரில் போகும்போது தோன்றிய யோசனை என்பதால் அந்தப் பெயர்.

2008 என்றால் இவ்வளவு நாள் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1.0 பதிப்பு 2012-ல் வந்தது. 2013-ல் உபுண்டுவின் கனோனிக்கல் நிறுவனம் 'மிர்' என்று தனியாக ஒன்றைத் தொடங்கியது, 2017-ல் அந்தப் பாதையை விட்டது. ஃபெடோரா 2016-லேயே வேலாண்டை இயல்பான தேர்வாக்கியது. உபுண்டு 17.10-ல் மாறி, 18.04-ல் திரும்ப எக்ஸுக்கே போய், 21.04-ல் மறுபடி வேலாண்டுக்கு வந்தது. என்விடியா வேறு வழியில் போகப் பார்த்து, 2021-ல்தான் மற்றவர்களின் ஜிபிஎம் முறையை ஏற்றது. அது போக, ஒவ்வொரு சிறு வசதிக்கும் எல்லா டெஸ்க்டாப்பும் உட்கார்ந்து பேசி ஒப்ப வேண்டும். திரையைப் பகிர்வது, 125 சதவீதம் பெரிதாக்குவது, நிற மேலாண்மை எல்லாவற்றுக்கும் வருடக்கணக்கில் வாதம் நடந்தது. நிற மேலாண்மைக்கான நெறிமுறை 2025-ல்தான் ஏற்கப்பட்டது. இந்தத் தாமதத்துக்காகப் பயனர்கள் கோபப்பட்டதில் தவறே இல்லை. "வேலாண்ட் தயார்" என்று முதல் நாளில் இருந்தே சொன்னவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள்.

ஆனால் இப்போது நிலைமை மாறிவிட்டது. ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் 10-ல் எக்ஸ்.ஆர்க் என்ற எக்ஸ் சர்வர் இல்லை. உபுண்டு 25.10 முதல் க்னோமின் எக்ஸ் செஷன் இல்லை. கேடிஇ பிளாஸ்மா 6 இயல்பாகவே வேலாண்டில் வருகிறது. 6.8-ல் எக்ஸ் செஷன் இருக்காது என்றும் அறிவித்துவிட்டார்கள். எக்ஸுக்காகவே எழுதிய செயலிகள் எக்ஸ்வேலாண்ட் என்ற இடைச்சர்வர் வழியாகத் தொடர்ந்து ஓடும். உங்கள் ஒயினும் பேஜ்மேக்கரும் அப்படித்தான் ஓடப்போகின்றன. திரையை 125, 150 சதவீதம் என்று வைத்தால் அவை கொஞ்சம் மங்கலாகத் தெரியும். 100-லோ 200-லோ வையுங்கள். பிரிண்டர், ஸ்கேனர் பற்றிக் கவலை வேண்டாம், அவற்றுக்கும் டிஸ்ப்ளே சர்வருக்கும் சம்பந்தம் இல்லை.

இப்போது தமிழ் டைப்பிங். நான் சூடு பட்ட இடம் இது. ஒரு திருவிழா சீசனில், கேடிஇ போட்ட ஒரு கடை மெஷினை வேலாண்டுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை போன். "அண்ணே, தமிழே வரல. எதை அடிச்சாலும் இங்கிலீஷ்தான் விழுது." வாசலில் திருவிழா நோட்டீஸுக்கு ஆள் நிற்கிறார்கள். போய்ப் பார்த்தால் விசையைத் தமிழாக்கித் தரும் ஐபஸ் நிறுவியிருக்கிறது, தமிழ்99 பட்டியலில் இருக்கிறது, பேனலில் ஐகானும் தெரிகிறது. ஆனால் கம்போசிட்டருக்கும் ஐபஸுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. எக்ஸில் ஐபஸ் தானாகச் செயலிகளோடு ஒட்டிக்கொள்ளும். வேலாண்டில் கீபோர்டு முழுக்கக் கம்போசிட்டர் கையில் இருப்பதால், "தமிழுக்கு இவரிடம் கேள்" என்று அதற்கு நாம்தான் காட்ட வேண்டும். கேடிஇயில் சிஸ்டம் செட்டிங்ஸ், கீபோர்டு, அதில் 'விர்ச்சுவல் கீபோர்டு' என்ற பக்கத்தில் 'ஐபஸ் வேலாண்ட்' அல்லது 'எஃப்சிட்எக்ஸ் 5' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விர்ச்சுவல் கீபோர்டு என்றால் திரையில் வரும் கீபோர்டு என்று நினைத்து நான் அந்தப் பக்கமே போகவில்லை. அங்கே தேர்ந்தெடுத்து, வெளியேறி மறுபடி நுழைந்ததும் 'அ' விழுந்தது. முந்தின நாளே நான் அங்கே உட்கார்ந்து ஒரு வரி டைப் செய்து பார்த்திருக்க வேண்டும்.

உங்கள் உபுண்டுவில் இருப்பது க்னோம். அதில் இந்தச் சிக்கல் இல்லை, ஐபஸ் உள்ளேயே பிணைந்திருக்கிறது. செட்டிங்ஸில் கீபோர்டு பகுதியில் தமிழ்99-ஐச் சேர்த்தால் போதும், விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் மாறும். குரோமியம் வகைச் செயலிகள் சிலவற்றில் மட்டும் தமிழ் விழாமல் அடம் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படி வந்தால் அந்தச் செயலியை மட்டும் எக்ஸ்வேலாண்டில் ஓட விடலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடிப்பதற்கு எந்தப் பாதிப்பும் இல்லை. கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கில எழுத்துதானே.

எக்ஸ்மோட்மேப், செட்எக்ஸ்கேபிமேப் என்று கட்டளை எழுதி விசைகளை இடம் மாற்றி வைத்திருந்தால், வேலாண்டுக்காக எழுதிய விண்டோக்களில் அது செல்லாது. அதே அமைப்பை எக்ஸ்கேபி என்ற கீபோர்டு அமைப்புக் கோப்பாக எழுதி, உங்கள் பயனர் அடைவில் உள்ள கான்ஃபிக் அடைவுக்குள் வைக்க வேண்டும். ஒரு மணி நேர வேலை, ஆனால் செய்துதான் ஆக வேண்டும்.

டிடிபி கடைகளில் ஆட்டோகீ பயன்படுத்துபவர்கள் அதிகம். நீங்களும் பயன்படுத்துவீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டு எழுத்து தட்டினால் "நிகழும் மங்களகரமான" என்று தொடங்கி அழைப்பிதழின் முதல் நான்கு வரி வந்து விழும், இன்னொரு சுருக்கத்துக்குக் கண்ணீர் அஞ்சலி வாசகம் முழுதாக வரும். ஆட்டோகீ எக்ஸை நம்பி எழுதியது. எல்லா விண்டோவின் விசையையும் பார்க்கும் வசதி இருந்தால்தான் அதற்குப் பிழைப்பு. வேலாண்ட் அடைத்த கதவு அதுவேதான். விசையைத் தானாகத் தட்டும் எக்ஸ்டூடூலுக்கும் இதே கதி. எஸ்பான்சோ என்ற செயலிக்கு வேலாண்ட் வடிவம் தனியாக உண்டு, பழைய சுருக்கங்களை அதில் புதிதாக எழுத வேண்டியிருக்கும். தினம் ஐம்பது தடவை ஆட்டோகீயைத் தொடுபவர் என்றால், நீங்கள் மாறாமல் இருக்க இது ஒன்றே போதுமான காரணம். யாராவது உங்களைப் பழமைவாதி என்று சொன்னால் பொருட்படுத்த வேண்டாம்.

திரைவாசிப்பான் பயன்படுத்தும் பார்வையற்ற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆர்கா என்ற திரைவாசிப்பானின் குறுக்கு விசைகள் வேலாண்டில் நீண்ட காலம் சரியாக வேலை செய்யவில்லை. க்னோம் 48-ல்தான் அது ஒழுங்குக்கு வந்தது. அதற்கு முந்தைய பதிப்பில் இருந்தால் எக்ஸிலேயே இருங்கள்.

இனி உங்கள் மூன்று மெஷின்.

முன்னால் இருக்கும் புது மெஷின், இன்டெல் கிராபிக்ஸ், உபுண்டு 24.04. இதில் வேலாண்ட் தாராளமாக ஓடும். புதிதாக எதையும் நிறுவ வேண்டாம். நுழையும் திரையில் உங்கள் பெயரைத் தொட்டதும், வலது கீழ் மூலையில் பல்சக்கரம் மாதிரி ஒரு ஐகான் வரும். அதில் 'உபுண்டு' என்றால் வேலாண்ட், 'உபுண்டு ஆன் எக்ஸார்க்' என்றால் எக்ஸ். ஒரு வாரம் வேலாண்டில் வேலை பாருங்கள். நடுவில் அவசர வேலை வந்து ஏதாவது முரண்டு பிடித்தால், வெளியேறி எக்ஸில் நுழைந்துவிடலாம். கோப்பு, எழுத்துரு எதுவும் மாறாது.

இரண்டாவது மெஷினில் என்விடியா ஜிடி 710 கார்டு இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதைத் தொடாதீர்கள். விலை மலிவு என்று கடைகளில் நிறையப் பேர் வாங்கிப் போட்ட கார்டு அது. அதற்கு என்விடியா கொடுத்த கடைசி டிரைவர் வரிசை 470. வேலாண்டுக்கு வேண்டிய ஜிபிஎம் ஆதரவு 495-ல்தான் வந்தது. திரை மினுக்கத்தைச் சரிசெய்த வசதி 555-ல் வந்தது. இரண்டும் உங்கள் கார்டுக்கு எட்டாது. நூவோ என்ற திறந்த டிரைவரைப் போட்டால் வேலாண்ட் வரும், ஆனால் வேகம் குறையும். மதர்போர்டிலேயே இன்டெல் கிராபிக்ஸ் இருந்தால் கார்டைக் கழற்றிவிட்டு அதில் ஓட்டலாம். டிடிபி வேலைக்கு அது தாராளம். அதுவரை 24.04-ல் எக்ஸிலேயே இருக்கட்டும். 2029 வரை உபுண்டு அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் தருகிறது.

மூன்றாவது, அரசு இலவச லேப்டாப். முதல் வருடங்களில் வந்தவற்றில் விண்டோஸோடு சி-டாக் என்ற மத்திய அரசு அமைப்பின் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது, நினைவிருக்கலாம். நம் மாவட்டத்தில் எத்தனையோ பிள்ளைகள் லினக்ஸை முதலில் பார்த்தது அதில்தான். அந்த 2 ஜிபி மெஷினில் இன்றைய க்னோமைப் போட்டால் மூச்சு வாங்கும். நீங்கள் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போட்டது நல்ல முடிவு. எக்ஸ்எஃப்சிஇயில் வேலாண்ட் 4.20-ல்தான் எட்டிப் பார்த்தது, இன்னும் சோதனை நிலையில்தான் இருக்கிறது. மின்டின் சின்னமனிலும் அப்படியே. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. அதற்குள் அந்த லேப்டாப்பின் கீல் தாங்குமா என்பதுதான் சந்தேகம்.

எந்த விண்டோ எதில் ஓடுகிறது என்று சந்தேகம் வந்தால் எக்ஸ்ஐஸ் என்ற குட்டிச் செயலியைத் திறங்கள். இரண்டு கண்கள் வரும். எக்ஸில் மவுஸ் எங்கே போனாலும் அந்தக் கண்கள் பின்தொடரும். வேலாண்டில் மவுஸ் வேலாண்ட் விண்டோவுக்குள் போனதும் கண்கள் அப்படியே நின்றுவிடும், பேஜ்மேக்கர் மேல் கொண்டுபோனால் மறுபடி அசையும். எங்கே அசைகிறதோ அது எக்ஸ்வேலாண்டில் ஓடுகிறது என்று அர்த்தம்.

சோதிக்கும் வாரத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கோட்டாறு சவேரியார் திருவிழா நோட்டீஸ், கார்த்திகை முகூர்த்த அழைப்பிதழ் எல்லாம் குவியும் நாட்களில் வேண்டாம். ஆடி மாதம் கல்யாண வேலை இருக்காது. கோவில் கொடை நோட்டீஸ் சில வரும், சமாளிக்கலாம். முதல் நாள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: தமிழ்99-ல் லிப்ரே ஆபீஸ், உலாவி, ஸ்கிரைபஸ், பேஜ்மேக்கர் நான்கிலும் ஆளுக்கு ஒரு வரி டைப் செய்யுங்கள். வாடிக்கையாளர் அனுப்பிய பிடிஎஃப்பில் இருந்து காப்பி எடுத்து பேஜ்மேக்கரில் ஒட்டிப் பாருங்கள். வீடியோ காலில் திரையைப் பகிருங்கள், எந்த விண்டோவைக் காட்டலாம் என்று ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்கும், அது சரிதான். ஒரு ஏ3 போஸ்டரைப் பிரிண்ட் எடுங்கள். எது முரண்டு பிடிக்கிறதோ அதையும், எந்த டெஸ்க்டாப், எந்தப் பதிப்பு என்பதையும் எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.